அடுப்படி உடுப்பு

கிடாரம் ஏற்றிச் சமைக்கிறவனிடம் ஊர் கேட்கும் கேள்விகள் எல்லாம் சாப்பாட்டைப் பற்றியவை. எத்தனை கொத்து அரிசி, பருப்புக்கு எத்தனை தேங்காய், கொள்ளி எவ்வளவு? என்ன உடுத்திக்கொண்டு அடுப்படியில் நிற்கப்போகிறாய் என்று கோயில் நிருவாகமும் கேட்டதில்லை, கலியாண வீட்டாரும் கேட்டதில்லை. என்னைவிட ருசியாகச் சமைக்கிறவர்கள் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். உடுப்பைப் பற்றி மட்டும் எனக்குச் சொல்ல ஒரு விஷயம் உண்டு. அடுப்படிக்குக் கொண்டுபோகிற துணி, தோல், கயிறு எதுவானாலும் ஒருநாள் நெருப்பிடம் தோற்கத்தான் போகிறது. தோற்கிற நேரத்தில் அது என்ன செய்யும் என்று பார்த்துத்தான் அதை வாங்க வேண்டும்.

எங்கள் தேற்றாத்தீவு, செட்டிபாளையத்துக்கும் களுதாவளைக்கும் நடுவே, கிழக்கில் கடலும் மேற்கில் வாவியுமாகக் கிடக்கும் மணல் ஊர். கொம்புச்சந்திப் பிள்ளையார் கோயிலும் புனித யூதா ததேயு திருத்தலமும் இங்கேதான். வைகாசியில் சுற்றுவட்டாரக் கண்ணகி அம்மன் கோயில்களில் குளிர்த்திச் சடங்கு, ஆடியில் கதிர்காம யாத்திரை, ஆவணியில் வாவிக்கு அப்பால் மண்டூர் முருகன் திருவிழா என்று எங்களுக்கு வேலை குவிகிற மாதங்களும் கச்சான் காற்று வீசுகிற மாதங்களும் ஏறக்குறைய ஒன்றே. மேற்கிலிருந்து வாவியைத் தாண்டி வருகிற அந்தக் காய்ந்த காற்றுக்கு, மணலில் கிடங்கு வெட்டி மூட்டிய அடுப்பு என்றால் கொண்டாட்டம். தென்னம்பாளையும் பொச்சுமட்டையும் கொஞ்சம் ஈரமாக இருந்தாலும் பொறியாகக் கக்கும். காலையில் அடுப்பின் வாயைக் காற்றுக்கு ஏற்றபடி வைத்திருப்போம். பின்னேரம் கடல்காற்று ஏறினால் தீ மற்றப் பக்கம் திரும்பி, அதுவரை பாதுகாப்பாக நின்றவனின் காலை நக்கும். வீட்டுக் குசினியில் நெருப்பு இருக்கிற இடம் தெரியும். வெளியடுப்பில் அது ஆளைத் தேடி வரும்.

எனக்குத் தொழில் பழக்கியவர் என் மாமா. அவருடைய உடுப்பு மருதமுனைக் கைத்தறிச் சாரன், பருத்திப் பெனியன், தலையில் துவாய். இதைத் தவிர அடுப்படியில் அவர் வேறு எதையும் போட்டு நான் பார்த்ததில்லை. சாரன் இறங்காமல் இருக்க நான் இடுப்பில் முடிச்சுப் போட்டபோது, தோண்டிக்கொண்டிருந்த மண்வெட்டியை வைத்துவிட்டு வந்து அதை அவிழ்த்துவிட்டார்.

"முடிச்சுப் போடாத மனே. பத்தினா மறுகா அவுக்க நேரம் இரிக்காது."

உள்ளே ஒரு பருத்தி அரைக்காற்சட்டை, மேலே கொய்து செருகிய சாரன். ஒரு இழுவையில் காலடியில் விழ வேண்டும். மாமா பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவர் அல்லர். ஆனால் பாதுகாப்பு உடைகளைப் பற்றி இப்போது பெரிய நிறுவனங்கள் எழுதிவைக்கிற விதிகளில் ஒன்று அந்தக் கொய்யலுக்குள் இருந்தது. தீ பிடித்தால் விரைவாகக் கழல வேண்டும்.

சாரனிலும் ஒரு குறை உண்டு. வேலை செய்ய வசதியாக அதை மடித்துக் கட்டினால் முன்பக்கம் ஒரு மடி உண்டாகும். கிடாரத்துக்கு அடியில் கொள்ளியைத் தள்ளுகிறபோது தெறிக்கிற தணல் நேரே அதற்குள் விழுந்து உட்காரும். இறக்கி விட்டாலோ கரை அடுப்பு வாயில் படும். அதனால் நான் பிற்காலத்தில் பருத்திக் களிசானுக்கு மாறினேன். அதிலும் கீழ்க்கால் மடிப்பு இருக்கக்கூடாது, முன்பக்கப் பை வாய் பிளந்து நிற்கக்கூடாது. சேட்டு முழுக்கை, காலர் உள்ளது, மேற்பொத்தான் வரை பூட்டக்கூடியது. உடம்பைப் பிடிக்காமல் கொஞ்சம் தளர்வாக இருந்தால் துணிக்கும் தோலுக்கும் இடையில் காற்று நிற்கும். அந்தக் காற்றுத்தான் அனலைத் தடுக்கும் முதல் சுவர். தளர்வு வேறு, தொங்கல் வேறு. காற்றில் அடிபடுகிற துவாய் முனை, சால்வை, முந்தானை எல்லாம் தொங்கல்.

துணியின் குணத்தை நான் முழுதாக அறிந்தது 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பிறகு. கரையோர ஊர்ச் சனங்கள் பள்ளிக்கூடங்களில் தங்கியிருக்க, முற்றத்தில் அடுப்பு மூட்டி நாள் முழுக்கச் சமைத்தோம். சமைத்தவர்களிலும் பலர் உடுத்த உடுப்போடு தப்பியவர்கள். நிவாரணமாக வந்த பொதிகளில் கிடைத்ததை எடுத்துப் போட்டுக்கொண்டு அகப்பையைப் பிடித்தார்கள். சில நாட்களிலேயே வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. பருத்திச் சேட்டில் பொறி விழுந்த இடத்தில் ஓட்டையின் விளிம்பு பழுப்பாகக் கருகி, கை பட்டால் பொடியாக உதிர்ந்தது. பொலியெஸ்டர் சேட்டில் ஓட்டையைச் சுற்றிக் கறுத்த, கெட்டியான ஒரு விளிம்பு. அதே இடத்தில், அதே அளவில், உள்ளே தோலில் ஒரு கொப்புளம்.

காரணம் எளிது. பருத்தி உருகாது, கருகும், பிறகு எரியும். பொலியெஸ்டர் ஏறத்தாழ 260 பாகை செல்சியசில் உருகிவிடும். விறகுத் தணலின் சூடு 600 பாகைக்கு மேல். உருகிய பொலியெஸ்டர் சொட்டாக இறங்கித் தோலில் ஒட்டி, அங்கேயே இறுகி, தன் சூடு முழுவதையும் அந்த இடத்தில் இறக்கிவிடும். பிய்த்தால் தோலும் வரும். பருத்தி தீப்பிடிக்காது என்று இதற்கு அர்த்தமில்லை. காய்ந்த மெல்லிய பருத்தி விறுவிறென்று எரியும். ஆனால் தட்டலாம், உதறலாம், கிழிக்கலாம். தோற்கிறபோதும் அது ஆளை விட்டுவிடுகிறது.

வாங்குகிறபோது கடைக்காரர் எல்லாவற்றையும் "கொட்டன்தான்" என்பார். ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய உடுப்புகள் எங்கள் சந்தைகளில் மலிவு, ஆனால் பலவற்றில் லேபலை வெட்டியிருப்பார்கள். அதனால் நான் உள்தையலில் இருந்து ஒரு நூல் உருவிக் கொளுத்திப் பார்ப்பேன். கடதாசி எரிகிற மணம் வந்து, சாம்பல் விரலில் பூவாக உதிர்ந்தால் பருத்தி. நூல் தீயைக் கண்டதும் சுருங்கிப் பின்வாங்கி, நுனியில் கறுப்பு மணி ஒன்று திரண்டால் பொலியெஸ்டர். தையல்நூல் வேறு, துணிநூல் வேறு என்பதால் துணியின் இழையைத்தான் உருவ வேண்டும். டெனிம் களிசான் நல்லதென்று பெயர். ஆனால் இப்போது வருகிற, இழுபடுகிற டெனிமில் செயற்கை நூலும் கலந்திருக்கிறது. அதற்கும் இதே சோதனைதான். திருவிழாவுக்கென்று இளைஞர் கழகங்கள் பெயரும் இலக்கமும் அச்சடித்த ஜேர்சி எடுக்கும். அது முழுக்கப் பொலியெஸ்டர். என் குழுப் பெடியன்களுக்கு ஜேர்சி படம் எடுக்க. கிடாரம் ஏறினால் பருத்திச் சேட்டு.

2022இல் காஸ் சிலிண்டருக்கு நாடே வரிசையில் நின்ற காலத்தில் இந்த விஷயம் வீட்டு முற்றங்களுக்கும் வந்தது. கொள்ளி அடுப்பைக் கையாளாத ஒரு தலைமுறை திடீரென்று மூன்று கல் வைத்துச் சமைக்க வேண்டியதாயிற்று. பக்கத்து வளவில் மருமகள் முறையான பிள்ளை நைலோன் நைற்றியோடு குனிந்து ஊதிக்கொண்டிருந்தது. ஏன் பிள்ளை இதைப் போட்டிருக்கிறாய் என்று கேட்டேன். "தோச்சாக் கெதியாக் காஞ்சிரும் மாமா" என்றது. நியாயமான காரணம். காஸ் அடுப்பின் தீ ஒரு வளையத்துக்குள் அடங்கி நிற்கும், அங்கே அந்த நைற்றி பிழைத்துக்கொண்டது. முற்றத்து அடுப்பில் தீ நிலத்தோடு பரவும், நைற்றியின் கரையும் நிலத்தோடு தொங்கும். பழைய பருத்திச் சீத்தைச் சட்டை ஒன்றை அடுப்படிக்கென்று ஒதுக்கி வை, முழங்காலுக்குக் கீழே தொங்காமல் வெட்டித் தைத்துக்கொள் என்றேன். புதிதாக எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை.

உடுப்பைத் திருத்துவது ஒரு பக்கம், தீ வைத்திருக்கும் பாத்திரத்தைத் திருத்துவது மறுபக்கம். இலங்கையில் போத்தல் விளக்குச் சரிந்து எரிகாயம் பட்டவர்களுக்குச் சத்திரசிகிச்சை செய்த வைத்தியர் விஜய கொடகும்புர, குட்டையான, கனமான, திருகுமூடி போட்ட ஒரு விளக்கை வடிவமைத்து 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். விழுந்தாலும் உருளாது, எண்ணெய் கொட்டாது. அவரும் எளிதில் விழாத விளக்கோடு நின்றுவிடவில்லை. விழுந்தபிறகு என்ன ஆகும் என்பதையும் பார்த்தார்.

இனிக் கால். வெளியடுப்புக்காரனின் காலுக்குத் தீயைவிடப் பெரிய எதிரி கஞ்சி. வெந்த சோற்றைக் கிடாரத்தோடு சரித்து வடிக்கிறபோது கொதிகஞ்சி மணலில் ஓடி வரும். மணல் குடித்துவிடும் என்று நம்பி நிற்கிறவன் ஏமாந்துபோவான், ஏற்கனவே நனைந்த மணல் மேலும் குடிக்காது. வயலுக்குப் போடுகிற முழங்கால் உயர இறப்பர்ச் சப்பாத்து இதற்குத் தோதென்று தோன்றும். மேல்வாய் திறந்திருக்கிற அந்தச் சப்பாத்துக்குள் கஞ்சி இறங்கினால் அது கால் வெந்து முடியும்வரை உள்ளேயே நிற்கும். காலை உடனே உருவவும் வராது. இறப்பர்ச் செருப்போ தணலை மிதித்ததும் இளகும், தணலும் செருப்பும் சேர்ந்து பாதத்தில் ஒட்டும்.

நான் போடுவது கணுக்கால் மூடிய தோல் சப்பாத்து. களிசான் கால் அதற்கு வெளியே விழ வேண்டும், உள்ளே செருகக்கூடாது. மேலிருந்து விழுகிற தணலும் கஞ்சியும் வழிந்து வெளியே போய்விடும். நூல் கட்டுகிற வகையைவிடப் பக்கத்தில் இழுபட்டியுள்ள, காலை உதறினால் கழலுகிற வகை நல்லது. அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். பஞ்சுபோல மெத்தென்று இருக்கும் அடி சூட்டில் போய்விடும், கெட்டியான நைற்றைல் இறப்பர் அடி தாங்கும். தொழிற்சாலைச் சப்பாத்துகளில் எச்.ஆர்.ஓ. என்று ஒரு குறி இருக்கும். 300 பாகைச் சூட்டில் ஒரு நிமிடம் வைத்துச் சோதித்த அடி என்று பொருள். தணல்மேல் நின்று கதைக்கலாம் என்று பொருளல்ல, மிதித்தால் காலை எடுக்க நேரம் தரும் என்று பொருள். உள்ளே பருத்திக் காலுறை. நைலோன் காலுறை போடுவதைவிட வெறுங்கால் மேல்.

ஆனால் என் வேலையில் பாதி கோயில் வளவுக்குள். அங்கே தோல் சப்பாத்துக்கு இடமில்லை. வேட்டியும் வெறும் மேலும் வெறுங்காலுமாகத்தான் நிற்க வேண்டும், அந்த ஒழுங்கை நான் கேள்வி கேட்டதும் இல்லை. வேட்டி பருத்தி என்பதால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. காலுக்குச் சப்பாத்து இல்லாத இடத்தில் நிலத்துக்குச் சப்பாத்துப் போட வேண்டும். அடுப்பு மூட்டுமுன் சுற்றிலும் மணலை வாரி, கட்டை, சிரட்டைத் துண்டு எல்லாம் அகற்றுவோம். நிற்கிற இடத்தில் சணல் சாக்கை நனைத்து இரட்டையாக மடித்து விரிப்போம், காயக்காயத் தண்ணீர் தெளிப்போம். கஞ்சி வடிக்கிற இடம் அடுப்பில் இருந்து விலகி, சரிவாக, வாய்க்கால் வெட்டியதாக இருக்கும். கஞ்சி எந்தப் பக்கம் ஓடும் என்பது கிடாரம் சரியுமுன்பே தீர்மானமாகியிருக்கும். தணல் தள்ளுகிறவனைத் தவிர எவரும் அடுப்பு வாய்ப் பக்கம் வரக்கூடாது.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் வெறுங்காலோடு தீ மிதிக்கிறார்களே, நீ மட்டும் ஏன் பயப்படுகிறாய் என்று சிலர் கேலி செய்வார்கள். விரதமும் நம்பிக்கையும் அவர்களைக் குழிக்குக் கொண்டுவருகின்றன. அது என் கதைக்கு அப்பாற்பட்டது. உடம்பின் கணக்கில் சொன்னால், சாம்பல் பூத்த விறகுத் தணல் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், நடக்கிற காலும் ஒவ்வொரு அடியிலும் ஒரு கணம்தான் படும். சமையல்காரன் நடந்து போகிறவன் அல்லன், மணிக்கணக்காக ஒரே இடத்தில் நிற்கிறவன்.

கைக்கு வருகிறேன். மாமா காலத்தில் கையுறை என்பது சணல் சாக்குத் துண்டு. அரிசியும் சீனியும் சணல் சாக்கில் வந்த காலம் அது. இப்போது எல்லாம் பின்னல் பிளாஸ்ரிக் உரப்பையில் வருகிறது. தோற்றத்தில் சாக்கு, ஆனால் பொலிபுரொப்பிலீன். அது உருக 165 பாகை போதும். வடை பொரிகிற எண்ணெயே 180 பாகை இருக்கும். புதிதாக வருகிற பெடியன் கைக்கு அகப்பட்ட உரப்பையை மடித்துத் தாச்சியின் காதைப் பிடிக்கப் போவான், நான் எட்டிப் பிடுங்க வேண்டியிருக்கும். சணல் சாக்கு இப்போது தேடித்தான் வாங்க வேண்டும். கிடைக்கிற இடத்தில் நான் விலை பேசுவதில்லை.

சாக்கில் இரண்டு அடுக்கு வைத்திருப்பேன். நிலத்துக்கு ஈரம், கைக்கு உலர்ந்தது. இரண்டும் கலந்துவிடக்கூடாது. ஈரத்துணி கைக்குக் குளிர்ச்சியாக இருக்கிறதென்று அதையே எடுத்துப் பிடிக்கிறவர்கள் பலர். முதல் கணம் சுகமாகத்தான் இருக்கும். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். அடுத்த கணம் துணிக்குள் இருக்கிற நீர் ஆவியாகி உள்ளங்கையில் இறங்கும். கனமான கிடாரத்தைப் பாதி தூக்கிய நிலையில் அது நடந்தால் கையை மட்டும் சுடாது, கூடத் தூக்கியவனின் காலையும் சேர்த்துச் சுடும்.

இறப்பர் விளைந்து, கையுறை செய்து, உலகத்துக்கெல்லாம் ஏற்றுமதி செய்கிற நாடு நம்முடையது. அந்த இறப்பர்க் கையுறை இறைச்சி கழுவ நல்லது, அடுப்படிக்கு ஆகாது. எனக்குத் தோதானது வெல்டிங் வேலைக்காரர் போடுகிற தோல் கையுறை. கல்முனை இரும்புக் கடைகளில் கிடைக்கும். என் கைக்கு ஒரு அளவு பெரியதாக எடுப்பேன், உதறினால் பறந்து விழ வேண்டும். முழங்கையை நோக்கி நீண்ட வாய் உள்ளதாக இருந்தால் மூடி திறக்கிறபோது எழும் ஆவியில் மணிக்கட்டு தப்பும். சூட்டில் அடிபட்ட தோல் மெல்ல மெல்ல இறுகிச் சுருங்கும். "என் காலம் முடியப்போகிறது" என்று அது முன்கூட்டியே சொல்லிவிடும். இறுகிய கையுறையைத் தூக்கி எறிய வேண்டும், எண்ணெய் பூசி இளக்கப் பார்க்கக்கூடாது.

கனடாவில் இருக்கிற மருமகன் ஒருமுறை அரமிட் நூலில் பின்னிய கையுறை அனுப்பினான். "மாமா, அது 500 பாகை தாங்கும்" என்று தொலைபேசியில் பெருமையாகச் சொன்னான். உண்மையிலேயே நல்ல சாமான், உருகாது, எளிதில் எரியாது. அதில் ஈ.என். 407 என்ற ஐரோப்பியத் தரக்குறியும் இருந்தது. அந்தத் தரத்தில் தொடுசூட்டுக்கு நான்கு படி: 100, 250, 350, 500 பாகை. ஒவ்வொன்றிலும் 15 விநாடி தாங்கினால் தேறியதாகக் கணக்கு. கிடாரத்தை இறக்கி, நடந்து, சரித்து வடிக்க எங்களுக்கு 15 விநாடி எந்த மூலைக்கு? மேலும் அது பின்னல். கொதிகறி ஒரு கரண்டி சிந்தினால் கண்ணிகளுக்குள் இறங்கி, ஈரத்துணியின் வேலையைச் செய்யும். அதைத் தணல் கிளறவும் அடுப்புக்கல் நகர்த்தவும் வைத்துக்கொண்டேன். கறிப்பக்கம் தோல்தான்.

கிடாரத்துக்கோ கையுறை மட்டும் போதாது. இரண்டு காதிலும் கயிறு மாட்டி, தடி கொடுத்து, இரண்டு பேர் தோளில் காவ வேண்டும். கயிறு தும்புக் கயிறாக இருக்க வேண்டும். நைலோன் கயிறு மெலிது, பலமானது, மலிவு, நல்ல நிறமும்கூட. சூடேறிய காதில் அது சத்தமில்லாமல் இளகி, திடீரென்று விடும். தும்பு புகையும், மணக்கும், ஒவ்வொரு புரியாக அறும். கிடாரத்தைக் கீழே வைக்க நேரம் கிடைக்கும்.

கதிர்காம யாத்திரைக் கூட்டத்தோடு சமையற்காரனாகப் போனபோது இந்தப் பாடங்கள் எல்லாம் ஒரு மூட்டைக்குள் அடங்க வேண்டியிருந்தது. உகந்தை முருகனைக் கும்பிட்டுக் குமண, யால காடுகளுக்குள் இறங்கினால் கும்புக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று நாட்கணக்கில் நடை. சுமக்கிறவன் கணக்கில் ஒவ்வொரு றாத்தலும் பாரம். தோல் சப்பாத்து நடைக்குக் கனம், அதை நான் கொண்டுபோகவில்லை. ஒரு பருத்தி முழுக்கைச் சேட்டு, ஒரு சாரன், ஒரு சோடி தோல் கையுறை, ஒரு சணல் சாக்கு போதும் என்றாகிவிட்டது. இளந்தாரிகள் கொண்டுவருகிற நைலோன் கூடாரமும் மழைச்சட்டையும் அடுப்பின் காற்றுக்கீழ்ப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்வது தனி வேலை.

அந்தக் காட்டில் பெரிய கவலை என் கால் அல்ல, பின்னால் வருகிறவர்களின் கால். ஆற்றுமணலில் அடுப்பை மணல் போட்டு மூடிவிட்டுப் போனால் அணைந்ததுபோலத் தெரியும். மூடிய தணல் காற்றுப் படாமல் மணிக்கணக்காக உயிரோடு கிடக்கும். அடுத்த கூட்டம் அரோகரா சொல்லிக்கொண்டு வெறுங்காலோடு அதே கரையில் இறங்கும். அதனால் தணலைப் பரப்பி, ஊற்றுத் தண்ணீர் எவ்வளவு அரிதானாலும் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை மேலே பிடித்து அனல் இல்லையென்று கண்டபிறகுதான் மூட்டையைத் தூக்குவோம். காய்ந்த காட்டுக்கும் அதுதான் நல்லது.

எவ்வளவு கவனமாக உடுத்தாலும் சுடுகிற நாள் வரும். பற்பசை, நெய், மஞ்சள் எதுவும் பூசக்கூடாது. ஓடுகிற குளிர்தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும், ஐஸ் கட்டி வேண்டாம். மோதிரம், கைக்கயிறு உடனே கழற்ற வேண்டும், வீங்கினால் கழலாது. துணி தோலில் ஒட்டியிருந்தால் இழுக்காமல் சுற்றிலும் வெட்டிவிட்டு அப்படியே களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், அல்லது 1990 அம்புலன்சுக்கு அடிக்க வேண்டும். ஒட்டாத துணியைத் தேடி நூலைக் கொளுத்திப் பார்த்ததன் பலன் அந்த நேரத்தில்தான் தெரியும்.

இப்போதெல்லாம் சமையலுக்கு நான் எழுதிக் கொடுக்கிற பட்டியலில் அரிசி, பருப்பு, தேங்காய், கொள்ளி என்று எழுதி, கொள்ளிக்கு அடுத்த வரியில் உடுப்பு என்று எழுதுகிறேன்: பருத்திச் சேட்டு, சணல் சாக்கு, தும்புக் கயிறு, இரண்டு சோடி தோல் கையுறை. முதல்முறை பார்த்த ஒரு பொருளாளர் சிரித்துவிட்டார்.

"இதென்ன அண்ணன், உங்கட உடுப்புக்கும் நாங்களா காசு?"

"கிடாரத்துக்கு வாடகை குடுக்கிறீங்கதானே தம்பி. கிடாரம் நெளிஞ்சா நான் கட்டணும். பெடியன் வெந்தா ஆர் கட்டுற?"

அவர் கையெழுத்து வைத்தார். சாமான் விலை ஏறிக்கிடக்கிற காலத்தில் பட்டியலில் எதையாவது வெட்டத்தான் வேண்டும் என்றால் பாயாசத்து முந்திரியை வெட்டலாம். அந்த வரியில் கைவைக்க நான் விடுவதில்லை.